சாணியை எடை போட்ட டாக்டரம்மா

அந்த டாக்டரம்மாவிடம் எதைக் கேட்டாலும் உடனே ஒரு பதில் வாங்கிவிட முடியாது. மாட்டு டாக்டர்தான். ஆனால் மாடு இளைத்துவிட்டதா என்று கேட்டாலும் சரி, மழை விடுமா என்று கேட்டாலும் சரி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொள்வார், கீழுதட்டைக் கடித்துக்கொள்வார், அப்புறம் சொல்வார்: "எடை போட்டுப் பாத்துடலாம் அண்ணே." மழையை எப்படியம்மா எடை போடுவது என்று நான் ஒருமுறை மடக்கினேன். பேசாமல் ஒரு காலி வாளியை எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கு அவர் வந்து சேர்ந்தபோது முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி. சுடிதாருக்கு மேலே ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அந்தப் பூட்ஸில் இன்னொரு ஆளும் தாராளமாக இறங்கி நிற்கலாம். ஸ்கூட்டரின் முன்பக்கம் எப்போதும் ஒரு கித்தான் பை தொங்கும். அதற்குள் ஒரு கொக்கித் தராசு, பேட்டரியில் ஓடுவது. பொருளைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பிடித்தால் எண் காட்டும். அந்த எண்ணைப் படிக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். மூச்சுக் காற்றுப் பட்டால் முள் ஆடிவிடும் என்று சின்ன வயதுப் பழக்கமாம். அவருடைய தராசில் முள்ளே கிடையாது என்பதை நான் எடுத்துச் சொன்னேன்.

"தெரியும் அண்ணே. இருந்தாலும் தராசுக்கு ஒரு மரியாதை" என்றார்.

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து ஒரு அம்மாள் மொபெட்டில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பார். நாக்கு நீளம். அவரிடம் போய் டாக்டரம்மா ஒரு கிலோ சங்கரா வாங்கினார். வாங்கினவர் பையைத் தன் கொக்கியில் மாட்டிப் பார்த்தார். போச்சு, இன்றைக்குத் தெரு இரண்டுபடப் போகிறது என்று நான் படியிலேயே நின்றுவிட்டேன். டாக்டரம்மா பைக்குள் கைவிட்டு ஒரு மீனை எடுத்துத் திரும்பக் கூடையில் போட்டார்.

"அம்மா, கூட இருக்கு."

மீன்கார அம்மாளுக்கு வந்ததே கோபம். "கொறஞ்சுதுன்னு சண்டைக்கு வர்றவங்கள பாத்திருக்கேன். கூட இருக்குன்னு திருப்பிக் குடுக்கிறவள இன்னைக்குத்தான் பாக்குறேன். புதுசா வந்த பொண்ணாச்சேன்னு கொசுறு போட்டேன், அதப் போயி மூஞ்சில அடிக்கிறியே!"

"கொசுறுன்னு சொல்லிட்டுக் குடுங்கம்மா, சந்தோசமா வாங்கிக்கிறேன். ஒரு கிலோன்னு சொன்னீங்களே."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அதே மீனைத் தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி, "இந்தா, இது கொசுறு" என்று கையில் கொடுத்தார். அதற்கப்புறம் இரண்டு பேரும் அப்படி ஒரு சிநேகிதம். ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் கொசுறு நின்றுபோய்விட்டது என்பதுதான் எங்கள் வருத்தம்.

டாக்டரம்மாவின் குணமே அதுதான். யாரையும் திட்டமாட்டார், தடுக்கமாட்டார். "அது வேண்டாம்", "இது கூடாது" என்ற பேச்சே அவரிடம் கிடையாது. எடை போடுவார், எண்ணைச் சொல்வார், மீதியை நம்மிடமே விட்டுவிடுவார். டாக்டர் என்றால் அதட்ட வேண்டும் என்று பழகிப்போன எங்களுக்கு இது ஆரம்பத்தில் என்னவோ போலத்தான் இருந்தது.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் காரைக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. வீடு திருநள்ளாறு போகிற சாலையை ஒட்டி ஒரு சின்ன ஊரில். கொஞ்சம் நெல் வயல், மூன்று கறவை மாடு. மாடுகளைப் பார்த்துக்கொள்வது என் மனைவி பரிமளம். மாடுகளைப் பற்றிப் பேசுவது நான்.

மூன்றில் நடுவில் கட்டியிருந்தவள் செவளை. ஜெர்சிக் கலப்பு. ஒரு காலத்தில் வீட்டுக்கும் ஊற்றிச் சொசைட்டிக்கும் ஊற்றினவள்தான். அந்த வருஷம் அவளுக்கு என்ன ஆனதோ, துணி தின்ன ஆரம்பித்தாள். கொடியில் காயும் என் பனியன், பரிமளத்தின் பாவாடை, எதிர்வீட்டு லுங்கி, எதுவும் மிச்சமில்லை. நான் ஆபீசுக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் காலரை மட்டும் விட்டுவைத்தாள், அது மொரமொரவென்று இருந்ததாலோ என்னவோ. துணி கிடைக்காவிட்டால் சுவரை நக்குவாள். பால் நாளுக்கு நாள் குறைந்தது. சினை ஊசி போட்டுப் போட்டுப் பார்த்தோம், நிற்கவில்லை. சினையும் இல்லை, பாலும் சொல்லும்படி இல்லை, உடுத்தத் துணியும் இல்லை என்ற நிலைமைக்கு வந்தபோது, தை பிறந்ததும் விற்றுவிடுவது என்று முடிவு செய்து மாட்டுத் தரகரிடம் சொல்லிவிட்டேன்.

பரிமளம் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள். சோறு போடுவாள். குழம்பை நானே எழுந்துபோய் ஊற்றிக்கொள்ள வேண்டும். செவளை கன்றாக வந்தது அவளுடைய அப்பா வீட்டிலிருந்து. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வீட்டிலிருந்து அவளுக்கு மிச்சமிருந்த உயிர் இது ஒன்றுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சரியாகக் கறக்காத மாட்டுக்கு வைக்கோல் வாங்கிப் போடுகிறவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். மேல்படிப்புக்கு ஏதோ ஆராய்ச்சி, அதற்கு வீட்டு மாடுகள் வேண்டும் என்றார். அவர் வந்து நின்ற நேரம், செவளை ஒரு துண்டைப் பாதி விழுங்கியிருந்தாள். நான் ஓடிப்போய் இழுத்தேன். டாக்டரம்மா பக்கத்தில் வந்து குனிந்து, துண்டைவிட்டு மாட்டின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா அண்ணே?"

"ஆச்சுங்க, அஞ்சாறு மாசம். என்னாங்க வியாதி இது?"

"நெல்லுக்கு மணிச்சத்து போடுறீங்கல்ல?"

"ஆமா, டிஏபி மூட்டையில வருமே."

"அதேதான். பாஸ்பரஸ். மாட்டுக்கும் வேணும். எலும்புக்கு, பாலுக்கு, சினை நிக்கிறதுக்கு. அது கொறஞ்சா துணி, மண்ணு, எலும்புன்னு கண்டதையும் மேயும்."

"பின்ன என்ன, அதுக்கு ஒரு பவுடர எழுதிக் குடுத்துடுங்களேன்."

உதட்டைக் கடித்துக்கொண்டார். "கொறஞ்சுதான் இப்படிப் பண்ணுதுன்னு எப்படிச் சொல்றது? தவிடு நெறயப் போடுற வீட்டுல பாஸ்பரஸ் கூடத்தான் இருக்கும். அது மேல நாமளும் போட்டா, அம்புட்டும் சாணியில போயிரும். மழையில கொளத்துக்குப் போயி பாசி புடிக்கும். மாட்டுக்கும் வேற வம்பு வரும்."

"நான் தவிடு நல்லாவே போடுறேங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அதையும் பாத்துடலாம் அண்ணே. உள்ள எவ்வளவு போவுது, வெளிய எவ்வளவு வருது. பாலுல எவ்வளவு, சாணியில எவ்வளவு. மூத்திரத்துல ரொம்பக் கொஞ்சந்தான் போகும், இருந்தாலும் அதையும் பாத்துக்குறேன். ஒரு வாரம் எனக்குக் குடுங்க."

அடுப்படியிலிருந்து பரிமளத்தின் குரல் வந்தது. "ஒரு மாசம்கூட எடுத்துக்குங்க டாக்டரம்மா." பல நாளைக்கப்புறம் நான் கேட்ட அவள் குரல் அது. என்னிடம் பேசியதில்லை என்றாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மார்கழி பிறந்த கையோடு வேலை ஆரம்பமானது. செவளையைத் தனியாகப் பிரித்து, கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் ரப்பர் பாய் போட்டுக் கட்டினோம். வைக்கோல், புல், தவிடு, எல்லாம் எடை போட்டு வைக்க வேண்டும். தின்றது போக மிச்சத்தையும் எடை போட வேண்டும். சாணி விழுந்ததும் அப்படியே வழித்து, மூடி போட்ட நீல டிரம்மில் சேர்க்க வேண்டும். காலையில் டாக்டரம்மா வந்து டிரம்மை எடை போடுவார், சாணியைக் கலக்குவார், ஒரு கைப்பிடி எடுத்து டப்பாவில் அடைப்பார். பால், தீவனம், எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் டப்பாவில் போகும். எல்லா டப்பாவும் வெளியூர் லேபுக்குப் போகும். தினமும் வந்ததும் முதல் கேள்வி இதுதான்: "அக்கா, யாரும் தெரியாம மாட்டுக்கு எதும் குடுத்துடலியே?" பரிமளம் சத்தியம் செய்யாத குறையாக, "இல்லம்மா, ஒருத்தரும் ஒண்ணும் குடுக்கல" என்பாள்.

சனிக்கிழமைதான் சிக்கல். திருநள்ளாற்றுக்குப் போகிறவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் மாட்டைப் பார்த்தால் காரை நிறுத்திவிடுவார்கள். அகத்திக்கீரை, வாழைப்பழம், எள்ளுச் சாதம், எதையாவது மாட்டுக்குக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். அன்றைக்கும் ஒரு கார் நின்றது. பரிமளம் கதவை மறித்துக்கொண்டு, "இன்னைக்கு வேணாங்க, ஆராய்ச்சி நடக்குது" என்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார்.

"வாங்கிக்குங்க அக்கா. பாவம், எங்கேருந்தோ வந்திருக்காங்க." அப்புறம் கொக்கித் தராசை எடுத்துக் கொட்டகைக் கம்பியில் மாட்டி, கொக்கியில் ஒரு கூடையைத் தொங்கவிட்டார். "ஐயா, சாதத்த இதுல ஒரு நிமிசம் வச்சிட்டுக் குடுங்க. ஒரு உருண்டை இதுக்கு, மீதிய அந்த ரெண்டு மாட்டுக்கும் பிரிச்சிக் குடுக்கலாம். ஒண்ணே அவ்வளவு சாதம் தின்னா வயிறு ஊதிக்கும்."

வந்தவர் விபூதிப் பட்டையும் பட்டு வேட்டியுமாக இருந்தார். முகம் சுருங்கிப்போயிற்று. "அம்மா, பரிகாரத்தையெல்லாம் எடை போடக் கூடாது."

"பரிகாரத்த நான் எடை போடலங்க ஐயா. சாதத்த மட்டுந்தான்."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். உருண்டையைத் தராசில் வைத்தார். எண் வந்ததும் எட்டிப் பார்த்துவிட்டு, காரில் இருந்த மனைவியிடம் சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்ற வேனில் இருந்தவர்கள் இறங்கி வந்து, "அவங்களோடது எவ்வளவு வந்துதுங்க? எங்களோடதும் போட்டுடுங்க" என்று வரிசை கட்டிவிட்டார்கள். தங்களுடைய அகத்திக்கீரைக் கட்டு முந்தின கட்டைவிட எடை குறைவு என்று தெரிந்த ஒரு அம்மாள், கடைத்தெருவுக்கு ஆளை அனுப்பி இன்னொரு கட்டு வாங்கிவரச் செய்தார். டாக்டரம்மா மூச்சை அடக்கி அடக்கி அன்றைக்குச் சாயங்காலம் வரை அங்கேயே நின்றார்.

லேபிலிருந்து கணக்கு வர நாள் ஆயிற்று. வந்ததும் டாக்டரம்மா நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். ஆபீஸ் விட்டு வந்த நான் அவரைக் கூடத்தில் பார்த்ததுமே நல்ல சேதி இல்லை என்று புரிந்துகொண்டேன். பூட்ஸைக் கழற்றியிருந்தார். அதைக் கழற்றி அவரை நான் பார்த்ததே இல்லை.

"உங்க தவிட்டுல பாதிக்கு மேல உமி அண்ணே."

என் பெருமை போன இடம் தெரியவில்லை.

"அதனால உள்ள போறது கொஞ்சந்தான். ஆனா வெளிய வர்றது அதவிடக் கொஞ்சமா இருக்கு. கெடைக்கிறத உடம்புல வச்சிக்கிட்டு சமாளிச்சிக்குது. பாஸ்பரஸ் கொறஞ்சதாலதான் இப்படின்னு என்னால சொல்ல முடியல."

"அப்ப ஏன் துணி திங்கிது? ஏன் சினை நிக்க மாட்டேங்குது?" பரிமளம் கேட்டாள்.

"தெரியல அக்கா."

வேறு யாராக இருந்தாலும் ஆறுதலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார்கள். எதற்கும் இந்தப் பவுடரைப் போட்டுப் பாருங்கள் என்றாவது சொல்லியிருப்பார்கள். இவர் தலையைக் குனிந்துகொண்டு காபியைக் குடித்தார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. மனுஷியா, தராசா என்று மனசுக்குள் திட்டினேன். தரகருக்குப் போன் போட்டு, காணும் பொங்கல் கழிந்த மறுநாள் வண்டியோடு வரச் சொல்லிவிட்டேன். பரிமளம் அன்றைக்குச் சோறும் போடவில்லை.

அதற்கு மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பின்தெருவில் ஒரு மாட்டுக்குக் கன்று குறுக்கே நின்றுவிட்டதென்று விடியற்காலையிலேயே டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கன்றை நல்லபடியாக எடுத்துப் போட்டுவிட்டு, காபி குடிக்கலாம் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. கொட்டகையில் விளக்கு எரிய, அங்கே ஒரு கூட்டம். எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு வாளியோடு நிற்கிறார்கள். நடுவில் பரிமளம், நீல டிரம்மின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்காரர் மாதிரி அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். நான் பல் துலக்கிக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். மார்கழி பிறந்ததிலிருந்து தினமும் பார்ப்பதுதான்.

"அக்கா, என்ன இது?" என்றார் டாக்டரம்மா.

"வாசத் தெளிக்கத்தாம்மா. மார்கழியில்ல?"

"எந்தச் சாணி?"

"உங்க சாணிதான் டாக்டரம்மா" என்றாள் எதிர்வீட்டுக் கலா, மரியாதையாக. "மத்த மாட்டோடதுல வைக்கோலும் சேறுமா கெடக்கும். இது மூடி போட்டு சுத்தமா இருக்குல்ல. உருண்டை புடிச்சா பொளக்காம நிக்கிது. பரங்கிப்பூ வச்சா அப்படியே ஒக்காருது."

"எப்பலேருந்து எடுக்கிறீங்க?"

"டிரம்மு வந்ததுலேருந்து."

"நான் எடை போட்ட வாரத்துலயும்?"

"பின்ன? வாசத் தெளிக்காம இருக்க முடியுமா?" என்றாள் பரிமளம்.

"தெனமும் வந்து ஒங்கள கேட்டேனே அக்கா!"

"யாரும் எதும் குடுத்தீங்களான்னு கேட்டீங்க. யாரும் ஒண்ணும் குடுக்கல. எடுத்தீங்களான்னு நீங்க கேக்கவே இல்லியேம்மா."

பரிமளத்துக்கு அப்போதுதான் ஏதோ உறைத்தது. கையில் இருந்த சாணியோடு அப்படியே நின்றுவிட்டாள். எனக்கு வாயில் பேஸ்ட். துப்பவும் தோன்றவில்லை. டாக்டரம்மா வருவதோ வெயில் வந்த பிறகு. அதற்குள் தெருவே வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறது. செவளை உள்ளே வைத்துக்கொண்டதாக லேப் சொன்ன கணக்கு, எங்கள் தெரு வாசல்களில் கோலத்துக்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தது.

டாக்டரம்மா கத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். பால் கேன் மேல் உட்கார்ந்தார். சிரிக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு சிரிப்பை நான் அவரிடம் அதுவரை பார்த்ததில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. சிரித்து முடித்ததும் பையிலிருந்து தராசையும் ஒரு சின்னக் கூடையையும் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

வீடு வீடாகப் போனார். வாசலில் கோலம், நடுவில் சாணிப் பிள்ளையார், தலையில் மஞ்சளாகப் பரங்கிப்பூ. ஒவ்வொரு வீட்டிலும் நின்று, "அக்கா, இவர கொஞ்சம் தூக்கிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டுதான் தொட்டார்.

"பூ வச்சாச்சேம்மா. தூக்கலாமா?" என்று கலா தயங்கினாள்.

"பூவ எடுத்துட்டு எடை போட்டு, மறுபடி அதே எடத்துல வச்சிடுறேன் அக்கா."

அப்படியே செய்தார். எடுத்த பூவையும் ஒருமுறை தராசில் போட்டுப் பார்த்தார், அது என்னத்துக்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெளித்த சாணியைத் திரும்ப அள்ள முடியாதே, அதனால் வாளியில் தினமும் எவ்வளவு கரைப்பீர்களோ அவ்வளவு அள்ளிக் காட்டுங்கள் என்று அதையும் போட்டார். ஊர் முழுக்க அன்றைக்கு இதே பேச்சு. பேப்பர் போட வந்தவர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன சார், பிள்ளையாருக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று என்னைக் கேட்டுவிட்டுப் போனார்.

தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்து சொன்னார்: "நெறையாப் போயிருக்கு அண்ணே. மொதல்ல சொன்னது அம்புட்டும் தப்பு."

"அதான் தெரிஞ்சு போச்சே. இத அதோட கூட்டிக்குங்க, கணக்கு வந்துடும்."

"இது இன்னைக்கு எடுத்தது. அன்னைக்கு எடுத்தது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? குத்துமதிப்பா சொல்லக் கூடாது. மறுபடி ஒரு வாரம் பாத்துடலாம்."

"மார்கழி முடியிற வரைக்கும் பொம்பளைங்கள வரவேணாம்னு சொல்லிடட்டுமா?"

"எதுக்கு? வரட்டும். எடை போட்டுட்டு எடுத்துக்கட்டும்."

அந்த வாரம் விடியற்காலைகளில் எங்கள் கொட்டகையில் நடந்த கூத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டாக்டரம்மாவும் இருட்டு விலகுவதற்குள் வந்துவிடுவார், கழுத்தில் மப்ளர். பெண்கள் வாளியோடு வரிசையில் வருவார்கள், கொக்கியில் மாட்டுவார்கள், எண்ணைக் கேட்டுக்கொண்டு போவார்கள். இரண்டு நாள் கழித்து அவர்களே ஒருவரையொருவர் கண்காணிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "என்னாடி, நேத்தவிட இன்னைக்குக் கூட அள்ளிட்டுப் போற? ஒன் வாசல் என்ன வளந்துடுச்சா?" என்று கலாவை ஒருத்தி கேட்டு, கலா பாதியைத் திரும்பப் போட்டுவிட்டுப் போனாள். பரிமளம் மட்டும் எதிலும் கலந்துகொள்ளாமல் செவளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே நிற்பாள். இந்த முறை கணக்கு வேறு மாதிரி வரும் என்ற நம்பிக்கை அவளுக்கு. அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

போகிக்கு முன்னால் வேலை முடிந்து டப்பாக்கள் லேபுக்குப் போயின. பொங்கல் விடுமுறை. லேப் எப்போது திறக்கும், எப்போது சொல்லும் என்று யாருக்கும் தெரியவில்லை. மாட்டுப் பொங்கலன்று பரிமளம் செவளைக்குக் கொம்பில் நீலம் தீட்டி, நெட்டி மாலை போட்டாள். செவளை பாதி மாலையைத் தின்றுவிட்டாள். பரிமளம் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள்.

சொன்னபடி தரகர் டாட்டா ஏஸ் வண்டியோடு வந்து நின்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை. தருகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பரிமளம் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள்தான் போன் பண்ணியிருப்பாள் போல, டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் வந்து வண்டிக்குப் பின்னால் நின்றது.

"கணக்கு வந்துதா டாக்டரம்மா?"

"வரல அண்ணே. இன்னும் நாலஞ்சு நாள் ஆகும்கிறாங்க."

"நாலஞ்சு நாள்ல நான் வேற வண்டிக்கு எங்க போவேன்?" என்றார் தரகர். ஆனால் கயிற்றைத் தொடவில்லை. டாக்டரம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "கணக்கெல்லாம் இருக்கட்டுங்க. ஒங்க மனசுக்கு என்னதான் தோணுது? அத ஒரு தடவ சொல்லுங்களேன்."

உதட்டைக் கடித்தார். செவளையைப் பார்த்தார். அவள் அப்போது கயிற்றின் நுனியை மென்றுகொண்டிருந்தாள், நீலக் கொம்போடு.

"விக்க வேண்டாம் அண்ணே."

"எடை போட்டது வரலியே?"

"வரல. ஆனாலும் வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். அதைச் சொல்ல அவர் என்ன பாடு பட்டிருப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரு கைப்பிடிச் சாணிக்குக்கூடக் குத்துமதிப்பு சொல்லாதவர், எங்களுக்காகக் குத்துமதிப்பாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். தரகரிடம் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிக்குங்க" என்றேன். ரகளை பண்ணுவார் என்று நினைத்தேன். அவர் ஏதோ நிம்மதியானவர் போல, "நல்லதாப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் பரிமளம் எனக்குக் குழம்பு ஊற்றினாள். கூடவே இரண்டு வடை.

கணக்கு அடுத்த வாரம் வந்தது. செவளை உள்ளே எடுத்ததைவிட வெளியே விட்டதுதான் அதிகம். இல்லாத சத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி உருவிப் பாலிலும் சாணியிலும் விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். உமி கலந்த தவிட்டை நிறுத்தி நல்ல தவிடு வாங்கினேன். டாக்டரம்மா ஒரு தாது உப்புப் பொடி கொடுத்து, எவ்வளவு போட வேண்டும் என்று அளந்து காட்டினார். கோடை வருவதற்குள் செவளைக்குத் துணிமேல் இருந்த ஆசை விட்டுப்போயிற்று. கொடியில் காய்ந்த என் சட்டையை ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. அடுத்த ஊசியில் சினை நின்றது.

கன்று போட்டுச் சீம்பால் காய்ச்சிய சமயத்தில்தான் டாக்டரம்மாவுக்குக் கேரளப் பக்கம் இருக்கிற மாகேக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போக வந்தார். பரிமளம் கிண்ணத்தில் சீம்பாலைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ரொம்ப நாளாக என் மனசில் கிடந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு செவளைய விக்க வேண்டாம்னு சொன்னீங்க. கணக்கு மாறி வந்திருந்தா என்னாங்க பண்ணியிருப்பீங்க?"

டாக்டரம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். முகம் சிவந்துபோயிற்று.

"தரகர்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன் அண்ணே. செவளைய இவங்க வீட்டுல ஏத்துனீங்கன்னா சந்தைக்குப் போகாதீங்க, நேரா எங்க வீட்டுக்கு ஓட்டிட்டு வந்துடுங்க, நானே வச்சிக்கிறேன்னு."

அவர் காரைக்காலில் குடியிருந்தது இரண்டாவது மாடியில். ஒரு ஆள் ஏறினால் எதிரே வருகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிக்கட்டு.

பரிமளம் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அந்த மாடியில எப்படிம்மா கொண்டுபோயி மாட்டக் கட்டியிருப்பீங்க?"

டாக்டரம்மா கீழுதட்டைக் கடித்துக்கொண்டார்.

"படிக்கட்ட நான் அளந்து பாக்கவே இல்ல அக்கா" என்றார்.